கண்மாய்க் கரையில் சேறும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். லடாக்கின் சோ மோரிரி ஏரியில் கோடையில் குஞ்சு பொரிக்கும் பறவைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் முட்டையிடும் வரித்தலை வாத்து, பனிக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் வரை வந்து தங்கும் இனம். அம்மலைகளின் ஓடைக்கரைகளில் கூடு கட்டும் உள்ளான் என்னும் சிறு கரைப்பறவையோ நம் செட்டிநாட்டுக் கண்மாய்களுக்கே வருகிறது. ஆகவே அங்கே கூடுகளைக் காத்தால் மட்டும் போதாது. இங்கே இரை தேடும் இடமும் இருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கண்மாயில் மார்கழி, தை மாதங்களில் வாலை ஆட்டியபடி ஈரச் சேற்றில் புழு பொறுக்கும் உள்ளானைப் பார்த்திருக்கிறேன். தூர்வாரியபோது கரையைச் சுவர்போல் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். தண்ணீர் நிற்கிறது, நல்லதுதான். ஆனால் உள்ளான் கால்வைக்கச் சேறில்லை. இனி குடிமராமத்துப் பணிகளில் ஒரு பக்கக் கரையையாவது சரிவாக, ஆழமின்றி விட வேண்டும். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளைக் காக்கும் கொள்ளுகுடிப்பட்டி மக்களிடம் பணிக்கு முன் யோசனை கேட்பதும் நலம்.

– வாசகர், காரைக்குடி