ரட்ச்மனை மட்டும் விடக்கூடாது

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். பெரியவள் காலேஜ் விண்ணப்பங்களில் மூழ்கிக் கிடக்கிறாள். அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அகிலா சொன்னாள். அவசரப்பட்டு மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். 2025 பேஸ்பால் சீசன் முடிந்துவிட்டது. எங்கள் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு 75 வெற்றி, 87 தோல்வி, பிரிவில் கடைசி இடம். போனில் நீ சிரித்த சிரிப்பு பக்கத்து அறைவரை கேட்டதாம். 2023-இல் 101 ஆட்டம் ஜெயித்துவிட்டு உன் டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் மூன்றுக்கு மூன்றும் தோற்றதையே நீ இன்னும் விடவில்லை. இதையும் சேர்த்துக்கொள். ஆனால், "உங்க பொடியன்கள் எல்லாம் இளம் வீரர் தரவரிசைப் பட்டியலில்தான் புலி" என்றாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை.

மைக் எலியாஸ் அணி நிர்வாகப் பொறுப்புக்கு வந்தபின், 2019 முதல் 2025 வரை டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் எடுத்த அத்தனை பேரும் பேட்டர்கள். பிட்சர், அதாவது பந்து வீசுபவன், ஒருவன்கூட இல்லை. அவர் கணக்கு புரிகிறது. பிட்சரின் முழங்கை என்றைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பேட்டரை வளர்ப்போம், பிட்சரை வெளியே வாங்கிக்கொள்வோம். வளர்த்த பாதி நன்றாகவே நடந்தது. இரண்டாம் சுற்றில் கிடைத்த கன்னர் ஹெண்டர்சன் 2023-இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம். வாங்கும் பாதியில்தான் கோட்டை விட்டார்கள். ஓர்டிஸ், ஹால் என்ற இரண்டு இளம் ஆட்டக்காரர்களைக் கொடுத்து வாங்கிய பிட்சர் கார்பின் பர்ன்ஸ் ஒரே வருடத்தில் அரிசோனா போனார். அந்த இடத்துக்கு 41 வயது சார்லி மார்ட்டன், 35 வயது சுகானோ! கிரேசன் ராட்ரிகஸோ காயத்தால் சீசன் முழுக்க ஒரு ஆட்டமும் ஆடவில்லை. பந்து போட ஆளில்லாமல் தோற்றதற்குப் பொடியன்கள் என்னடா செய்வார்கள்?

பேட்டர் ஸ்டவர்ஸை மயாமி அணிக்குக் கொடுத்ததைச் சொல்லி மூர்த்தி சார் இன்னும் புலம்புகிறார். ஸ்டவர்ஸ் இந்த வருடம் ஆல்-ஸ்டார், வாஸ்தவம். ஆனால் அந்த டிரேடில் (ஆள் மாற்றத்தில்) வந்த பிட்சர் டிரெவர் ராஜர்ஸ் 18 ஆட்டங்களில் 1.81 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது) வைத்திருக்கிறான். அப்படிப்பட்ட டிரேட் இன்னும் இரண்டு செய்திருக்க வேண்டும் என்பேன் நான்.

பட்டியலைப் பற்றி ஒன்று. 2022-இல் எல்லாருக்கும் முதலாவதாக எடுத்த ஜாக்சன் ஹாலிடே, 2024 ஏப்ரலில் வந்து 34 முறை பேட் பிடித்து அடித்தது 2 ஹிட். திரும்பக் கீழ்நிலை அணியான நார்ஃபோக்குக்கு அனுப்பினார்கள். ஜூலை 31 அன்று மேலே வந்தவன் அடித்த முதல் ஹோம் ரன்னே கிராண்ட் ஸ்லாம், மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடித்தது. 13-ஆம் சுற்றில் எடுத்த செட்ரிக் மல்லின்ஸை எந்தப் பட்டியல் கொண்டாடியது? 2021-இல் 30 ஹோம் ரன், 30 ஸ்டீல் (பேஸ் திருடல்), இந்த அணியின் சரித்திரத்திலேயே முதல் ஆள். அவனை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கியர்ஸ்டட்டைப் பற்றி மட்டும் கிண்டல் வேண்டாம், சேகர். டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டு, உடனே இதயத்தசை அழற்சி வந்து, 2021 முழுக்க ஆட முடியாமல் கிடந்த பையன். அவன் பெரிய லீகில் பேட்டைத் தூக்கி நின்றதே எனக்குப் போதும்.

இப்போது என் கவலையெல்லாம் சாமுவேல் பசாயோ என்ற இளம் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன்). போன வருடம் பூவி ஊரில், எங்கள் கீழ்நிலை அணியின் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் பார்த்தேன். பத்தொன்பது வயது, ஆறடிக்கும் மேல். பேட்டிங் பயிற்சிக் கூண்டுக்குள் இடக்கையில் சுழற்றினால், சத்தத்துக்கே ஹாட் டாக் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆனால் தரையில் குதித்து வரும் பந்தைத் தடுக்க அந்த உடம்பு கொஞ்சம் தாமதமாக இறங்குகிறது. ஆட்டக்காரர்களை எடைபோடும் ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரை மார்க் போடுகிறார்களே, அதில் அடியின் பலத்துக்கும் கேட்சர் வேலைக்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. இந்த ஆகஸ்டில் மேலே கொண்டுவந்து எட்டு வருடத்துக்கு 67 மில்லியன் டாலர் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் உடனே எல்லாரும் "அப்படியானால் இப்போதுள்ள கேட்சர் ரட்ச்மனை விற்றுவிடலாம்" என்கிறார்கள்.

கூடாது. காயத்தோடு மோசமாக ஆடிய வருடத்துக்குப் பின் விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். அதோடு அடுத்த வருடம், 2026-இல், அம்பயரின் பால்-ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்துக் கேட்கும் சேலஞ்ச் பெரிய லீகுக்கே வருகிறது. ஓர் அணிக்கு இரண்டு சேலஞ்ச். பிட்சர், கேட்சர், பேட்டர் தவிர யாரும் கேட்க முடியாது. எந்தப் பந்துக்குத் தலையைத் தட்டிச் சேலஞ்ச் கேட்பது என்று தெரிந்த கேட்சர் இனி பொன். அந்த நிதானம் ரட்ச்மனிடம் இருக்கிறது, பசாயோவுக்கு வர நாளாகும். பசாயோ ஃபர்ஸ்ட் பேஸில் நின்றும், பேட் மட்டும் பிடிக்கும் டி.எச்.சாகவும் ஆடட்டும், வாரத்தில் இரண்டு நாள் கேட்ச் பிடிக்கட்டும். பிட்சர் வாங்கக் டபுள்-ஏ என்ற கீழ்நிலை லீகில் பேட்டர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பெயர் மணக்கும்போதே கொடுக்க வேண்டியது அவர்களைத்தான்.

உன் பக்கத்தில் எந்த பிட்சரை விடுவார்கள் என்று விசாரித்து எழுது. நவம்பரில் டிரேட் பேச்சு சூடுபிடித்துவிடும், அதற்குள் உன் பதில் வேண்டும். ராகவனிடமும் கேள்.

அன்புடன்,
வாசு