பாயேயாவுக்குப் பாத்திரம்தான் முதலில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான 'வீட்டிலேயே ஸ்பானிய பிரியாணி' என்னும் தலைப்பில், ஸ்பெயினின் வலென்சியப் பகுதி அரிசி உணவான பாயேயாவுக்குத் தரப்பட்டிருந்த சமையற்குறிப்பைப் படித்தேன். அதை நம்பி ஒரு வாசகர் அடுப்பைப் பற்றவைத்தால் என்ன கிடைக்கும் என்பது, வலென்சியா நகரில் சில ஆண்டுகளாக வசித்துவரும் எனக்கு நன்றாகத் தெரியும்; ஏனெனில் பாசுமதியைக் கழுவி ஊறவைத்து, மஞ்சள்தூள் போட்டு, குக்கரில் விசில் வைத்து இறக்கும் அதே தவற்றை இங்கு வந்த புதிதில் நானும் செய்திருக்கிறேன். எதிர்வீட்டு மூதாட்டி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல சோறுதான், ஆனால் பாயேயா இல்லை" என்று மனம் நோகாமல் சொன்னார். அடுத்த ஞாயிறு முதல் அவருடைய சமையலறையில் நான் மாணவியானேன்.

தங்கள் குறிப்பில் பொருள்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. பாத்திரத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. 'பாயேயா' என்பதே வலென்சிய மொழியில் வாணலியைக் குறிக்கும் சொல். உணவுக்கு அப்பெயர் பின்னர்தான் ஆகிவந்தது. இரு கைப்பிடிகளும் தட்டையான அடியும் கொண்ட இந்த அகன்ற பாத்திரத்தில் சோறு ஒரு விரல் பருமனுக்கு மேல் உயரக் கூடாது என்பது இங்குள்ளோர் கண்டிப்பாகச் சொல்லும் விதி. நான்கு பேருக்கு 400 கிராம் அரிசி என்றால் பாத்திரத்தின் விட்டம் 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குழிவான கடாயில் செய்தால் அடியில் கூழும் மேலே வேகாத அரிசியுமாக முடியும். வீட்டு அடுப்பின் சுடர் இத்தனை அகலத்துக்கு எட்டாது என்பதால், தொடங்குபவர்கள் 30 சென்டிமீட்டர் பாத்திரத்தில் இரண்டு பேருக்கு மட்டும் செய்து பழகுவது நல்லது.

வலென்சியப் பாயேயாவின் இறைச்சி கோழியும் முயலும். இவற்றை உப்பிட்டு ஆலிவ் எண்ணெயில் நன்கு சிவக்கும்வரை பொறுமையாக வறுப்பதில்தான் பாதிச் சுவை பிறக்கிறது. பிறகு தட்டையான பச்சை பீன்ஸ், துருவிய தக்காளி, பிமென்தோன் எனப்படும் காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள் ஆகியவற்றை இதே வரிசையில் சேர்க்க வேண்டும். தூள் கருகுவதற்குள் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். 'கர்ரோஃபோ' என்று இங்கே அழைக்கப்படும் வெள்ளை அவரையும் இன்றியமையாதது. நம் சந்தைகளில் விற்கும் டபுள் பீன்ஸும் அதே இனம்தான் என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே மறைக்க விரும்பவில்லை. விளிம்புவரை ஊற்றிய தண்ணீர் அரை மணி நேரம் கொதித்துக் கைப்பிடிகளின் ஆணி மட்டத்துக்கு இறங்கியதும் குங்குமப்பூவைச் சேர்த்து, உப்பைச் சரிபார்க்க வேண்டும். மஞ்சள்தூள் நிறத்தைத் தரும் என்பது உண்மை, ஆனால் அதன் வாசனை மற்ற அனைத்தையும் அமுக்கிவிடும்.

அரிசியைக் கழுவாமல், ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிவரை நீருக்கு மேல் சற்றே தலைகாட்டும்படி நீள்கோடாகக் கொட்டுவார்கள். உழவர்கள் மண் வரப்புக்குச் சொல்லும் 'கபயோன்' என்னும் சொல்லே இதற்கும் பெயர். அளவுக்கோப்பை இல்லாத காலத்து அளவுமுறை இது. அந்த வரப்பைக் கலைத்துப் பாத்திரம் முழுவதும் பரப்பிய பின் கரண்டி உள்ளே போகக் கூடாது. கிளறக் கிளற அரிசியின் மாவுச்சத்து கரைந்து குழைந்துவிடும். இத்தாலியரின் ரிசோத்தோ என்னும் குழைவான சோற்றுக்கு அது தேவை, இதற்கு அதுவே பகை. மூடியும் கூடாது. முதல் பாதி நேரம் பெருந்தீயிலும் மறுபாதி சிறுதீயிலுமாக ஏறத்தாழ 18 நிமிடங்களில் நீர் வற்றிவிடும். கடைசியில் தீயை ஒரு நிமிடம் கூட்டினால் அடியிலிருந்து படபடவென்று ஒலி எழும். அதுதான் 'சொக்கர்ராத்' என்னும் பொன்னிறக் காந்தல். வீட்டார் அதற்குப் போட்டியிட்டுச் சுரண்டுவதைப் பார்க்கும்போது நம் சோற்றுப்பானை நினைவுக்கு வராமல் போகாது. இறக்கிய பின் ஐந்து நிமிடம் துணியாலோ பழைய செய்தித்தாளாலோ மூடிவைப்பார்கள். செய்தித்தாளுக்கு இப்படியும் ஒரு பயன் இருப்பதைத் தாங்கள் தவறாக எண்ண மாட்டீர்கள் என நம்புகிறேன்.

அரிசி குட்டையாகவும் உருண்டையாகவும் இருக்க வேண்டும். வலென்சியாவை அடுத்த அல்புஃபேரா ஏரிக்கரை வயல்களில் விளையும் 'போம்பா' ரகம் தன் அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீரை உறிஞ்சியும் உடையாமல் நிற்கும். ஊருக்கு வந்திருந்தபோது சீரகச் சம்பாவில் செய்து பார்த்தேன். பருக்கை பொருந்தியது, ஆனால் அதன் மணம் குங்குமப்பூவை முந்திக்கொண்டது. மணமில்லாத குட்டைப் பச்சரிசியே மேல்.

தங்கள் குறிப்பில் உள்ள சோரிசோ என்னும் பன்றி இறைச்சி சாசேஜைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 2016-இல் பிரித்தானியச் சமையற்கலைஞர் ஜேமி ஆலிவர் பாயேயாவில் அதைச் சேர்த்ததற்கு ஸ்பானியர்கள் எழுப்பிய கூக்குரல் உலகறிந்தது. கரையோர வீடுகளில் செய்யப்படும் கடலுணவுப் பாயேயா முறையானதே. முயல் கிடைக்காத வாசகர்கள் கோழியை மட்டும் கொண்டு சமைத்தாலும் குற்றமில்லை.

அக்குறிப்பை மீண்டும் வெளியிடுவதாக இருந்தால், குக்கரை நீக்கிவிட்டுப் பாத்திரத்தின் விட்டத்தை முதல் வரியிலேயே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வலென்சியா, ஸ்பெயின்.