அந்தக் குளிரில் பனி நனைக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜாக் லண்டனின் 'டு பில்ட் எ ஃபயர்' (நெருப்பு மூட்ட) சிறுகதையைத் தமிழில் வெளியிட்டதற்கு நன்றி. கனடாவின் யூக்கான் பகுதியில், கடுங்குளிரில் ஒரு நாயோடு தனியே நடந்துபோகும் ஒருவன் நெருப்பை நிலைக்கவைக்க முடியாமல் சாகும் கதை அது. நடை சரளமாக ஓடுகிறது. நாயின் உள்ளுணர்வைச் சொல்லும் பகுதிகள் மிக நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் இந்தக் கதையில் தகவல்கள் வெறும் பின்னணி அல்ல. எத்தனை டிகிரி, எந்த மரத்தடி, எப்படிப்பட்ட தீக்குச்சி, கையில் மாட்டியிருந்தது என்ன என்பவற்றை மாற்றிவிட்டால் அந்த மனிதன் ஏன் செத்தான் என்பதற்கே காரணம் இல்லாமல் போகிறது. மொழிபெயர்ப்பில் அப்படிப்பட்ட சில இடங்கள் மாறியிருக்கின்றன, சில விடுபட்டிருக்கின்றன. இது நூலாக வரும் என்று முன்குறிப்பில் சொல்லியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வெப்பநிலை. 'மைனஸ் 75 டிகிரி செல்சியஸ்' என்று அச்சாகியிருக்கிறது. மூலத்தில் இருப்பது ஃபாரன்ஹீட். செல்சியஸில் அது மைனஸ் 59.4. இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்க மொழிபெயர்ப்பிலேயே சாட்சி இருக்கிறது. '107 டிகிரி உறைபனி' என்ற கணக்கு அப்படியே விடப்பட்டிருக்கிறது. தண்ணீர் உறையும் 32-இலிருந்து பூஜ்யம் வரை 32, அதற்குக் கீழே 75, ஆக 107. ஃபாரன்ஹீட்டில் மட்டுமே இந்தக் கூட்டல் சரியாக வரும். கனடாவிலேயே மிகக் குறைந்ததாகப் பதிவான வெப்பநிலை, இதே யூக்கான் பகுதியின் ஸ்னாக் என்ற ஊரில் 1947 பிப்ரவரி 3 அன்று பதிவான மைனஸ் 63 செல்சியஸ். ஆக, லண்டன் எழுதிய குளிர் அந்த மண்ணில் நடக்கக்கூடியது. நாம் அச்சிட்ட குளிர் அங்கே ஒருநாளும் பதிவானதில்லை.

இந்த எண்ணைக் 'கடுங்குளிர்' என்று பொதுவாகச் சொல்லியும் தப்பிக்க முடியாது. மைனஸ் 50-க்குக் கீழே (செல்சியஸில் ஏறக்குறைய மைனஸ் 45.6) தனியே பயணம் போகாதே என்பது அனுபவசாலியான ஒரு முதியவர் அவனுக்குத் தந்திருந்த எச்சரிக்கை. அந்த மனிதனிடம் வெப்பமானி இல்லை, எச்சில் துப்பித்தான் பார்க்கிறான். ஐம்பதில் எச்சில் தரையில் விழுந்து வெடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். இது காற்றிலேயே வெடிக்கிறது. அப்படியானால் ஐம்பதையும் தாண்டிவிட்டது என்று புரிந்தும், எவ்வளவு தாண்டியது என்பதை அவன் பொருட்படுத்தவில்லை. ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் உள்ள அந்த இடைவெளிதான் கதை. இன்னொன்று: முதியவர் இருக்கும் 'சல்ஃபர் கிரீக்' ஓர் ஓடையின் பெயர். 'கந்தக ஊற்று' என்று மொழிபெயர்த்தால் வெந்நீர் ஊற்று ஏதோ இருப்பதாக வாசகர் நினைத்துக்கொள்வார்.

அடுத்தது 'பனி'. நம் மொழியில் இந்த ஒரு சொல் புல்லின் மேல் நிற்கும் துளியையும் குறிக்கும், மார்கழி மூட்டத்தையும் குறிக்கும், இமயத்துப் பாளத்தையும் குறிக்கும். 'பனியில் கால் புதைந்து நனைந்துவிட்டது' என்று வரும் வரியைத் தமிழ் வாசகர் உறுத்தலின்றிக் கடந்துவிடுவார். நமக்குப் பனி என்றாலே ஈரம். ஆனால் மைனஸ் 59-இல் தூவிக்கிடக்கும் பனி ஆற்றுமணல்போல உலர்ந்திருக்கும், அதில் முழங்கால்வரை இறங்கினாலும் நனையாது. கதையில் அவனை நனைப்பது பனி அல்ல, தண்ணீர். அவன் நடந்துபோகும் ஹெண்டர்சன் ஓடை அடிவரை உறைந்து கிடக்கிறது. ஆனால் மலைச்சரிவிலிருந்து கசியும் ஊற்றுகள் எந்தக் குளிரிலும் உறைவதில்லை. அவை ஓடைப் பனிக்கட்டியின் மேலும் தூவுபனியின் அடியிலும் பரவுகின்றன. பனிப்போர்வை காப்புறைபோல மூடியிருப்பதால் மெல்லிய ஏடு ஒன்று உறைகிறது, அதன்மேல் தண்ணீர், அதன்மேல் மீண்டும் ஏடு. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவன் சந்தேகமான இடங்களில் நாயை முன்னால் தள்ளிவிட்டுப் பார்க்கிறான். கடைசியில் எந்த அறிகுறியும் இல்லாத இடத்தில் தானே முழங்காலில் பாதிவரை இறங்கிவிடுகிறான். தூவுபனி (ஸ்நோ), பனிக்கட்டி (ஐஸ்), உறைபனி (ஃப்ராஸ்ட்) என்று மூன்று சொற்களையாவது கதை முழுவதும் ஒரே சீராக வைத்துக்கொண்டால் இந்தப் பொறி வாசகருக்கு விளங்கும்.

'கையுறை' என்ற சொல்லிலும் இதே சிக்கல். மூலத்தில் வருவது மிட்டன். கட்டைவிரல் மட்டும் தனியே, மற்ற நான்கும் ஒரே பைக்குள். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தீக்குச்சி கிழிக்க முடியாது. ஒவ்வொரு நுண்ணிய வேலைக்கும் கழற்றியாக வேண்டும். நாயின் விரலிடுக்கில் ஒட்டிய பனிக்கட்டியை எடுக்க அவன் மிட்டனைக் கழற்றுகிறான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் விரல்கள் மரத்துவிடுகின்றன. பின்னால் வரப்போகும் அத்தனைக்கும் அங்கேயே முன்னறிவிப்பு இருக்கிறது. ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையை வாசகர் கற்பனை செய்தால், 'போட்டுக்கொண்டே பற்றவைக்கலாமே' என்றுதான் கேட்பார்.

இனி நெருப்பு. மொழிபெயர்ப்பில் மிக அதிகமாகச் சுருங்கிப்போனது இதுதான், சுருங்கவே கூடாததும் இதுதான். 'ஒரு மரத்தடியில் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினான், மேலிருந்து பனி விழுந்து அணைந்தது' என்று இரண்டே வரியில் முடிந்துவிட்டது. லண்டன் அதைப் படிப்படியாகச் சொல்கிறார். வெள்ளம் வந்தபோது ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் அடிப்புதரில் சிக்கிக் காய்ந்த சுள்ளிகளும் போன ஆண்டுப் புல்லும் அங்கே கிடைக்கின்றன. முதலில் பெரிய கட்டைகளைப் பனிமேல் பரப்புகிறான். அந்தத் தளம் இல்லாவிட்டால் தீ தான் உருக்கிய தண்ணீரிலேயே மூழ்கும். ஒரு கிலோ பனியை மைனஸ் 59-இலிருந்து சூடேற்றி உருக்கிமுடிக்க ஆகும் வெப்பம், உருகிய அந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைவிட அதிகம். இளந்தீ அதைத் தாங்காது. பிறகு சட்டைப்பையிலிருந்து பிர்ச் மரப்பட்டையின் சிறு கிழிசல். மொழிபெயர்ப்பில் இது 'காகிதம்' ஆகியிருக்கிறது. மூலத்தில் அது காகிதத்தைவிடச் சுலபமாகப் பற்றுவதாகவே சொல்லப்படுகிறது. பட்டையில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஈரத்திலும் பற்றும். சுவடி எழுதப் பயன்பட்ட இமயத்துப் பூர்ஜ மரம் இதன் உறவினம்தான், ஆகவே தமிழில் 'பூர்ஜப் பட்டை' என்றே எழுதலாம். அதன்மேல் புல், ஈர்க்குச்சி கனத்தில் சுள்ளி, தீ வளர வளரக் கனமான சுள்ளி. கால் நனைந்தவனுக்கு இது ஒரே முயற்சியில் அமைந்தாக வேண்டும். உலர்ந்த காலோடு தோற்றால் அரை மைல் ஓடி ரத்த ஓட்டத்தை மீட்கலாம், நனைந்த கால் ஓடினாலும் உறையத்தான் செய்யும்.

அவன் தவறியது எங்கே? சுள்ளியைப் புதரிலிருந்து உருவி நேராகத் தீயில் போட வசதியாக இருக்கும் என்று மரத்தடியிலேயே மூட்டினான். பல வாரங்களாகக் காற்றே இல்லை, எனவே ஒவ்வொரு கிளையும் தான் சுமக்கக்கூடிய அளவு முழுவதும் பனியைச் சுமந்து நிற்கிறது. ஒவ்வொரு சுள்ளியை உருவும்போதும் மரம் கண்ணுக்குத் தெரியாமல் அதிர்கிறது. உச்சிக்கிளை ஒன்று கவிழ்கிறது, அது கீழ்க்கிளைகளைக் கவிழ்க்கிறது, மொத்தமும் தீயின்மேல் வந்து விழுகிறது. 'வாரக்கணக்கில் காற்று வீசவில்லை' என்ற வாக்கியமும் உருவுகிற செயலும் மொழிபெயர்ப்பில் இல்லை. அதனால் அது தற்செயலான விபத்துபோல் ஆகிவிட்டது. மூலத்தில் அது அவனே தன் கையால் இழுத்துக்கொண்டது.

அடுத்த நெருப்பு திறந்த வெளியில். இப்போது விரல்களைக் குவிக்க முடியவில்லை, கைநிறைய அள்ளத்தான் முடிகிறது. அதனால் மக்கிய சுள்ளியும் பச்சைப் பாசியும் கலந்துவிடுகின்றன. பாசிக்கட்டி ஒன்று தீயின்மேல் விழ, அதைத் தள்ளப்போகும் கை நடுக்கத்தில் அதிகம் போய் நெருப்பின் நடுவையே கலைத்துவிடுகிறது. இந்த நெருப்பைப் பற்றவைக்கும் இடத்தில்தான் தீக்குச்சி விஷயம் வருகிறது. அவன் குச்சியைப் பெட்டியில் உரசுவதாக எழுதியிருப்பது பொருந்தாது. பெட்டியின் பக்கத்து மருந்தில் உரசினால் மட்டும் பற்றும் நம் வீட்டுக் குச்சி அல்ல அது. எங்கே உரசினாலும் பற்றும் கந்தகக் குச்சி, ஒரே கொத்தாக எழுபது. பல்லால் ஒன்றைப் பிரித்தெடுத்து, பல்லில் கடித்தபடியே தொடையில் உரசுகிறான். கந்தகம் முதலில் எரிந்து கிளம்பும் புகை மூக்கில் ஏறி இருமல் வர, குச்சி பனியில் விழுந்து அணைகிறது. அதன் பிறகுதான், இரு உள்ளங்கை அடிப்பாகங்களால் கொத்தை இடுக்கி எழுபதையும் ஒரே உரசலில் பற்றவைக்கிறான். தன் சதை தீய்வதை வாசனையால் அறிகிறான். 'மீதமிருந்த குச்சிகளை' என்று எழுதினால், அடுத்த முயற்சிக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்ற கணக்கு மறைந்துவிடும்.

ஆசிரியர் குறிப்பில் இது 1902-இல் வெளிவந்தது என்றிருக்கிறது. 1902-இல் 'யூத்ஸ் கம்பேனியன்' இதழில் வந்தது வேறு வடிவம். சிறுவர்களுக்காக எழுதப்பட்டது. அதில் நாயகனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு, நாய் கிடையாது, கையில் தழும்போடு அவன் பிழைத்துக்கொள்கிறான். நீங்கள் வெளியிட்டிருப்பது 1908 ஆகஸ்ட் 'செஞ்சுரி' இதழில் வந்த வடிவம். லண்டன் 1897-98 குளிர்காலத்தை ஸ்டூவர்ட் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிக் கழித்தவர், ஹெண்டர்சன் ஓடையிலேயே தங்கச் சுரங்கத்துக்கு இடம் பதிவு செய்தவர். ஓடையின் நடத்தையை இவ்வளவு துல்லியமாக எழுத அதுதான் காரணம். அவரும் ஓரிடத்தில் சறுக்குகிறார். நண்பகலிலும் பூமியின் வளைவு சூரியனை மறைப்பதாகச் சொல்கிறார். ஆனால் அந்த இடம் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருக்கிறது, டிசம்பர் நடுவிலும் நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் மூன்று டிகிரி அளவு எழும். மலைகள் மறைக்கும் என்றிருந்தால் சரியாக இருந்திருக்கும். இதை மொழிபெயர்ப்பாளர் திருத்த வேண்டியதில்லை, அடிக்குறிப்பு ஒன்று போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மனிதன் கண்மூடும் இடத்தோடு உங்கள் பக்கம் முடிந்துவிட்டது. மூலத்தில் அதற்குப் பின்னும் ஒரு பத்தி இருக்கிறது. இடப் பற்றாக்குறையால் விட்டிருந்தால், அடுத்த இதழில் தனியாகவாவது வெளியிடுங்கள். நாய் காத்திருக்கிறது. இவ்வளவு நேரம் பனியில் உட்கார்ந்தும் நெருப்பு மூட்டாத மனிதனை அது கண்டதில்லை. அந்தி இறங்குகிறது. நெருங்கிப்போய் மோப்பம் பிடிக்கிறது, சாவின் வாடையில் மயிர் சிலிர்த்துப் பின்வாங்குகிறது. விண்மீன்களின் கீழே சற்று நேரம் ஊளையிடுகிறது. பிறகு திரும்பி, சோறு போடுபவர்களும் தீ மூட்டுபவர்களும் இருக்கும் முகாமை நோக்கித் தடத்தில் ஓடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.