தெருவிளக்கின் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பக் கோரும் மனு

அனுப்புநர்
தெருக் குடியிருப்போர் (கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்
மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: புதிய எல்.இ.டி. தெருவிளக்குகளின் கண்கூச்சத்தைக் குறைத்து, வெளிச்சத்தைச் சாலையளவில் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுக்கள்தான் தங்கள் மேசையில் குவியும். நாங்கள் எரிகிற விளக்கைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறோம். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

பத்து மாதங்களுக்கு முன் எங்கள் தெருவின் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினார்கள். மின்சாரம் மிச்சமாகும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விளக்குகள் சாய்வாக நிமிர்ந்து, எதிர்வீட்டு மாடியைப் பார்த்து நிற்கின்றன. இதை எழுதும் அறையில் விளக்கை அணைத்த பிறகும் ஜன்னல் கம்பிகளின் நிழல் விடிய விடிய மேற்கூரையில் கிடக்கிறது. கம்பத்தை ஒட்டிய மரத்தில் காகங்கள் இரவு இரண்டு மணிக்குக் கரைகின்றன. முறையிட்டபோது, “திரை போட்டுக்கொள்ளுங்கள்” என்று பதில் வந்தது. காகத்துக்கு யார் திரை போடுவது?

வெளிச்சம் குறைந்தால் திருட்டு கூடும், பெண்கள் நடமாட முடியாது என்ற அச்சம் நியாயமானது. எங்கள் தெருவிலும் இரவுப் பணி முடிந்து திரும்புவோர் உண்டு. அதனால் நாங்களே ஒரு சோதனை செய்தோம். ஒருவரைக் கம்பத்துக்கு அப்பால் சுவரோரம் நிற்க வைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தோம். விளக்கு தெரிந்தது, ஆள் தெரியவில்லை. உள்ளங்கையால் விளக்கை மறைத்ததும் அவர் சட்டையின் கட்டங்கள் வரை தெரிந்தன. இப்போதைய வெளிச்சத்தால் பயன் ஒளிந்து நிற்பவனுக்குத்தான்.

வெள்ளை விளக்கில் நீல ஒளி கூடுதல். நீலம் காற்றில் எளிதாகச் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரிவது அதனால்தான். இரவில் அதே சிதறல் ஊருக்கு மேல் வெளிறிய கூடாரமாகக் கவிந்துவிடுகிறது. உறக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பையும் நீல ஒளியே அதிகம் தடுக்கிறது. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் ‘நிற வெப்பநிலை’ என்ற அளவு கூடக் கூட நீலமும் கூடும். தெருவிளக்கில் அது 3000 கெல்வினுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. எங்கள் தெருவில் விட்டுச்சென்ற காலிப் பெட்டியில் 6500 என்று அச்சிட்டிருக்கிறது.

2011 முதல் 2022 வரை பல நாட்டுப் பொதுமக்கள் விண்மீன்களை வெறுங்கண்ணால் பார்த்துப் பதிந்த கணக்கு 2023-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடிவருகிறதாம். இந்த வேகத்தில், ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில், அதற்கு 18 வயதாகும்போது 100தான் தெரியும். எங்கள் மாடி அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. போன பனிக்காலத்தில் கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு மீன்களை எண்ணினோம். இந்தப் பனிக்காலத்தில் அந்த இடமே தெரியவில்லை.

விளக்குகளை அணைக்கச் சொல்லவில்லை. அவற்றைத் தரைக்கு இணையாகத் தாழ்த்தி, பக்கவாட்டில் தகர மறைப்பு போட்டால் போதும். ஏணியும் ஸ்பேனரும் கொண்டு ஒரு நாளில் முடிகிற வேலை. பழுதாகும் விளக்குகளை மாற்றும்போது 2700 கெல்வினுக்கு மிகாத மஞ்சள் ஒளி விளக்குகளைப் பொருத்த வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் ஒளியளவைக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். விளையாட்டுத் திடலின் ஃப்ளட் லைட்டுகள் ஆட்டம் முடிந்தும் எரிவதற்கு எங்களுக்குக் காரணம் புரியவில்லை. விளம்பரப் பலகைகளுக்கும் நேர வரம்பு தேவை. பிரான்ஸில் கடை முகப்பு விளக்குகளை நள்ளிரவு 1 மணிக்குள் அணைக்க வேண்டும் என்ற விதி 2013 முதல் நடப்பில் இருக்கிறது.

அடுத்த அமாவாசை இரவில் தாங்களோ, தங்கள் மின்பிரிவுப் பொறியாளரோ நேரில் வந்து அந்த உள்ளங்கைச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டுகிறோம். சுவரோரம் நிற்க எங்களில் ஒருவர் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
தெருக் குடியிருப்போர்