குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், மொட்டைமாடிக் கசிவு வேலை எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விவரம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. இந்த முறை தணிக்கையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “பில்தான் இருக்கிறதே, இன்னும் என்ன கேட்கிறார் ஆடிட்டர்?” என்று பலரும் கேட்டீர்கள்.

பில் என்பது பணம் கேட்பவர் எழுதித் தருவது. நாம் ஆர்டர் கொடுத்தோமா, பொருள் வந்து சேர்ந்ததா என்பதெல்லாம் அதில் தெரியாது. அதனால் ஆடிட்டர் பெரிய செலவு ஒவ்வொன்றுக்கும் செயற்குழு ஒப்புதலோடு போன ஆர்டர், பொருளை வாங்கியவர் கையெழுத்திட்ட டெலிவரி செலான், பில் மூன்றையும் சேர்த்து வைத்து அளவையும் விலையையும் ஒப்பிட்டார். சம்ப் மோட்டாரிலும் பெயின்ட்டிலும் சிக்கல் இல்லை.

தண்ணீர் லாரி விஷயம்தான் இழுத்தது. மாதக் கடைசியில் மொத்தமாக ஒரு பில் வரும், செலான் கிடையாது. ஆனால் கேட்டில் செக்யூரிட்டி எழுதும் நோட்டில் வண்டி எண்ணும் வந்த நேரமும் இருந்தன. அதோடு ஒப்பிட்டதில் மே மாத பில்லில் மூன்று லோடு கூடுதல். பேசினோம், அடுத்த பில்லில் கழித்துக்கொண்டார்கள். அச்சடித்த பில்லைவிட அந்தக் கசங்கிய நோட்டைத்தான் ஆடிட்டர் அதிகம் நம்பினார். எழுதியவருக்கு அந்தப் பணத்தில் பங்கில்லை. எழுதியதும் வண்டி உள்ளே வந்த அந்த நேரத்திலேயே.

அப்புறம், நாம் தர வேண்டிய பாக்கிகள். இங்கே பயம், பட்டியலில் விட்டுப்போனதைப் பற்றித்தான். பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்த்தால் அது அகப்படாது. ஆகவே மார்ச் 31-க்குப் பிறகு வங்கியிலிருந்து போன பணத்தைப் பார்த்து, எது மார்ச்சுக்குள் முடிந்த வேலைக்கானது என்று தேடினார். ஜெனரேட்டர் சர்வீஸ் அப்படி அகப்பட்டது: வேலை மார்ச்சில், பில் ஏப்ரலில். அதை 2024-25 செலவில் சேர்த்தாயிற்று.

நாம் தர வேண்டிய பாக்கியை உறுதி செய்யச் சொல்லி, நமக்குப் பொருளும் வேலையும் தருபவர்களுக்கு ஆடிட்டரே கடிதம் அனுப்பினார், பதிலும் அவருக்கே போனது. நம் கணக்கில் பாக்கி சைபர் என்று இருந்தவர்களுக்கும் கடிதம் போனது. “எங்களை நம்பவில்லையா?” என்று பொருளாளருக்கு வருத்தம். கடிதமும் பதிலும் ஆடிட்டர் கையிலேயே இருக்க வேண்டும் என்றுதான் தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 505 சொல்கிறது. கடிதம் நம் கை வழியாகப் போய் வந்தால் அதற்கு மதிப்பு குறைவு.

ஒப்பந்த வேலையில் ஒரே பில் 30,000 ரூபாயையோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தையோ தாண்டினால், 2024-25-ல் இருந்த வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவின்படி தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2 சதவீதம் வரி பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்த வரியைக் கட்டியதற்கான செலான்கள் வவுச்சர்களோடு உள்ளன.

இனி லாரி வரும்போதே செக்யூரிட்டியும் டிரைவரும் நோட்டில் கையெழுத்திடுவார்கள். அதைப் பார்க்காமல் பொருளாளர் காசோலை தர மாட்டார். கணக்கை ஏற்று ஒப்புதல் தரும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்