பாப்பாவுக்கு, பீட்ரூட் ஜூஸ் பற்றி

கோத்தகிரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ ஓட்டத்துக்காக பீட்ரூட் ஜூஸ் குடிக்கலாமா என்று கேட்டாய். நானும் "குடி கண்ணு, நல்லதுதான்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இதே ஜூஸை இதே வாயால் "குடி, நல்லதுதான்" என்று சொல்லி உனக்கு ஒரு வருடம் கொடுத்தவன் நான். அதனால்தான் காலையில் தோட்டத்துக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். 2009, நீ பத்தாவது. காலையில் ஆறு மணிக்கு, மைதானத்துக்குக் கிளம்பும் முன் ஒரு டம்ளர். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாய். கடைசி மடக்கில் உதட்டுக்கு மேல் மீசை மாதிரி சிவப்புக் கோடு நிற்கும். "ரத்தம் ஊறும், குடிச்சிடு" என்று உன் பாட்டி சொல்வார். நானும் அதைத்தான் நம்பினேன். அத்தனை சிவப்பாக ஒரு காய் இருக்கும்போது ரத்தத்துக்கு ஆகாமல் வேறு எதற்கு ஆகும் என்ற நினைப்பு.

அந்த வருடம் மாவட்டப் போட்டியில் 1500 மீட்டர். 200 மீட்டர் டிராக், ஏழரை சுற்று. ஐந்தாவது சுற்று வரைக்கும் நீ இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தாய். அப்புறம் உன் தோள் மேலே ஏறியது, வாய் திறந்தது, முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. நான் கோட்டுக்கு வெளியே நின்று "விடாதே, விடாதே" என்று கத்தினேன். ஆறாவது சுற்றில் நீ ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாய். அன்றைக்கு ராத்திரி உன்னிடம், மனசு வைத்திருந்தால் முடித்திருக்கலாம் என்று சொன்னேன். அந்த வார்த்தையை இன்றைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 8.6-ஐ வைத்துக்கொண்டு நீ ஐந்து சுற்று ஓடியிருக்கிறாய்.

இன்னொன்று. அதற்குச் சில மாதம் முன்னால் ஒருநாள் நீ பாத்ரூமிலிருந்து பயந்துபோய் ஓடிவந்தாய், சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று. அம்மா உன்னைத் தேற்றினாள். பீட்ரூட் சாயம்தான், ஒன்றுமில்லை என்று நானும் சொன்னேன். அது சாயம்தான், அதில் தப்பில்லை. பத்துப் பேரில் ஒருவருக்கு அப்படி வரும் என்பார்கள். ஆனால் இரும்புச்சத்து குறைந்த உடம்பில்தான் அது கூடுதலாகத் தெரியும் என்பதைப் பிற்பாடு படித்தேன். உன் உடம்பு அன்றைக்கே சொல்லியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளின் நடையைப் பார்த்து யார் என்ன ஓடலாம் என்று சொன்ன நான், வீட்டில் அதைக் கவனிக்கவில்லை.

பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமே கிடையாது. ரத்தத்தின் நிறம் இரும்பு உட்கார்ந்திருக்கும் ஹீமோகுளோபினால் வருவது. பீட்ரூட்டின் நிறம் பீட்டாலைன் என்ற சாயம், அதில் இரும்பே இல்லை. நூறு கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட வராது. வளரும் பெண் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும் என்கிறார்கள். நான் உனக்கு ஊற்றியது நல்ல ஜூஸ்தான். உன் குறைக்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான். மருந்து என்று நம்பியதால் ஒரு வருடம் போய்விட்டது.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம், அதே 2009-இல்தான் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழுவினர் பீட்ரூட் ஜூஸை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். எட்டு ஆண்கள். ஆறு நாள், தினமும் அரை லிட்டர் ஜூஸ். ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆட்களுக்கு வேறு சமயத்தில் ஒரு பழச்சாறு. பிறகு சைக்கிள் மிதிக்க வைத்து, உடம்பு ஓயும் வரை எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். பழச்சாறு குடித்தபோது சராசரியாக 583 நொடி. பீட்ரூட் குடித்தபோது 675 நொடி. இன்னும் முக்கியமானது, மிதமான வேகத்தில் அதே வேலையைச் செய்ய உடம்புக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் குறைந்திருந்தது. நாங்கள் படித்த காலத்தில், பயிற்சியால் உடம்பு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பது மாறும், ஆனால் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஆகும் ஆக்சிஜன் செலவு லேசில் மாறாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் நைட்ரேட் உப்பை மட்டும் கொடுத்து அதே மாதிரி முடிவைக் கண்டிருந்தார்கள்.

ஆக, விஷயம் சிவப்பில் இல்லை. நைட்ரேட்டில் இருக்கிறது. செடி மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்து வைத்திருக்கும் நைட்ரேட். அது கீரைகளிலும் நிறைய உண்டு.

அது வேலை செய்யும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. நீ ஜூஸ் குடிக்கிறாய், நைட்ரேட் குடலில் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. அதில் ஒரு பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் பிடித்துத் திரும்ப வாய்க்கே அனுப்புகின்றன. நாக்கின் பின்பக்கம் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. எச்சிலோடு அதை நீ மறுபடி விழுங்குகிறாய். ஆக்சிஜன் குறைந்து அமிலம் ஏறும் இடத்தில், அதாவது கடைசிச் சுற்றில் உன் தொடை எரிகிறதே, அந்த மாதிரி இடத்தில்தான், அது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவாக மாறுவது அதிகம். நைட்ரிக் ஆக்ஸைடு ரத்தக் குழாயைத் தளர்த்தி அகலமாக்கும். உடம்பில் அது செய்யும் இந்த வேலையைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பீட்ரூட் ரத்தத்தை ஊற வைப்பதில்லை கண்ணு, ரத்தம் போகும் வழியைத் திறந்துவிடுகிறது. ஓடுகிற ரத்தம் சரியாக இருந்தால்தானே வழியை அகலப்படுத்தி லாபம்?

இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நீ காலையில் வாய் கொப்பளிக்கும் அந்த நீல மவுத்வாஷை, ஜூஸ் குடிக்கும் நாட்களில் விட்டுவிடு. கிருமிநாசினி மவுத்வாஷ் நாக்கில் இருக்கும் அந்த பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும், பிறகு நைட்ரேட் நைட்ரேட்டாகவே போய்விடும். பல் துலக்குவதில் ஒன்றுமில்லை. பீட்ரூட்டை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் நைட்ரேட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும், அதனால் பொரியலை இதற்குக் கணக்கில் சேர்க்காதே. ஜூஸை அரைத்து வெளியே வைத்து மறுநாள் குடிக்கவும் வேண்டாம். வெளியில் இருக்கும்போதே கிருமிகள் அதில் நைட்ரைட்டைப் பெருக்கிவிடும். அன்றன்றைக்கு அரைத்துக்கொள்.

எவ்வளவு என்று கேட்டாயே. ஒலிம்பிக் கமிட்டி 2018-இல் வெளியிட்ட கூட்டறிக்கையில் 310-லிருந்து 560 மில்லிகிராம் நைட்ரேட், போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் என்கிறார்கள். மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து எடுத்தாலும் நல்லது என்கிறார்கள். உன் ஓட்டக் கிளப்பில் எல்லோரும் வாங்கும் குட்டி பீட்ரூட் ஜூஸ் பாட்டிலில் அளவு அச்சிட்டிருந்தால் அதைப் பார்த்துக்கொள். வீட்டு ஜூஸில் கணக்கு அத்தனை துல்லியமாக வராது. மண், உரம், பருவம் பொறுத்து ஒரு கிழங்குக்கும் இன்னொன்றுக்கும் நைட்ரேட் பல மடங்கு மாறும். சோதனையில் கொடுத்த அரை லிட்டருக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ கிழங்காவது வேண்டும். கூடக் குடித்தால் கூடப் பலன் என்றும் இல்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் சைக்கிள் சோதனையில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று எக்ஸிட்டரிலேயே பார்த்திருக்கிறார்கள்.

பலன் எவ்வளவு? அதே அறிக்கைப்படி 40 நிமிடத்துக்குள் முடியும் போட்டிகளில் ஒன்றிலிருந்து மூன்று சதவீதம். நீ 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் ஓடுகிறாய். ஒரு சதவீதம் என்றால் 15 நொடி. அது சின்ன விஷயமில்லை, மைதானத்தில் நின்றவனுக்கு 15 நொடியின் அருமை தெரியும். ஆனால் சோதனைகளில் பெரும்பாலும் ஆண்கள், பெண்கள் குறைவு. நன்றாகப் பழகிய உச்ச வீரர்களுக்குப் பலன் குறைகிறது. நீ தயாராகும் அரை மாரத்தானுக்கு இதை நம்பி இருக்காதே. வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம், ஏழு மணி நேரத் தூக்கம், இவை கொடுப்பதை எந்த ஜூஸும் கொடுக்காது.

ஓடிய பிறகு வலி குறையுமா என்றும் கேட்டாய். நியூகாசிலில் நார்த்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் ஆட்களைப் பெட்டியிலிருந்து நூறு முறை குதிக்க வைத்துப் பார்த்தார்கள். ஜூஸ் குடித்தவர்களுக்குக் குதிக்கும் திறன் சீக்கிரம் திரும்பியது, வலியும் குறைவு. மாரத்தான் ஓடியவர்களிடம் பார்த்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை. அதனால் அதற்காக என்று செலவு செய்யாதே. ஓடி வந்ததும் சோறும் பருப்பும் முட்டையும் சாப்பிடு.

போட்டி அன்று முதல் தடவையாகக் குடித்துவிடாதே, இதை மட்டும் கட்டாயம் கேள். அரை லிட்டர் சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். முதலில் பயிற்சி நாட்களில் இரண்டு மூன்று முறை குடித்துப் பார். சிறுநீரோ மலமோ சிவந்தால் பயப்படாதே, ஆனால் எனக்குச் சொல். ஜூஸ் குடிக்காத நாளிலும் சிவப்பு தெரிந்தால் உடனே டாக்டரிடம் போ.

அம்மாவும் ஆசைப்படுகிறாள். அவள் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவள், இது பி.பி.யை இறக்கும், அதனால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் என்று சொல்லியிருக்கிறேன். உன் சித்தப்பாவுக்குச் சிறுநீரகக் கல். பீட்ரூட்டில் கல் உண்டாக்கும் ஆக்ஸலேட் அதிகம், அவருக்கு வேண்டவே வேண்டாம். நீ நல்லது செய்வதாக நினைத்து அவருக்கு பாட்டில் வாங்கி அனுப்பிவிடாதே.

இப்போது நான் உன்னிடம் கேட்பது. இந்த வாரமே ஒரு லேபில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்துவிடு. ஃபெரிட்டின் உடம்பில் இருக்கும் இரும்புக் கையிருப்பைச் சொல்லும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் கையிருப்பு காலியாக இருக்கலாம், ஓடும் பெண்களுக்கு அது சகஜம். போன தீபாவளிக்கு வந்தபோது மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினாய், பெங்களூர் தூசி என்றாய். நான் நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை. குறைவாக இருந்தால் டாக்டர் சொல்கிறபடி இரும்பு மாத்திரை. அதற்குப் பதிலாக எந்தக் காயும் இல்லை. அப்புறம், சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்து. நம் ஊர்ப் பழக்கம்தான், இட்லிக்குப் பக்கத்திலேயே டம்ளர் இருக்கும். டீ உணவில் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

இந்த முறை பீட்ரூட் நன்றாக வந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போட்டது போக ஐந்து கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். தழையை ஒட்ட வெட்டாமல் இரண்டு விரல் தண்டு விட்டுத் திருகியிருக்கிறேன், ஒட்ட வெட்டினால் வேகும்போது சாயம் ஒழுகும். தழையைத் தனியாகக் கட்டியிருக்கிறேன், பருப்பு போட்டுக் கடைந்துகொள். நேற்று ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன், வளையம் வளையமாக, சாயம் நகக்கண்ணில் ஏறி இன்னும் போகவில்லை. உனக்குப் பிடிக்காத அந்த மண்வாசனை இந்தத் தடவை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. முதல் மழையில் மண்ணிலிருந்து வருமே, அதே பொருள்தான் இதிலும் இருக்கிறதாம். இஞ்சி ஒரு துண்டும் அரை மூடி எலுமிச்சையும் சேர்த்து அரை, அடங்கிவிடும்.

வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸில் தெரிந்த பையன் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, வரும் வழியில் பையை வாங்கிக்கொள். ரிசல்ட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எண் எதுவாக இருந்தாலும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா