ஒரு முழங்காலும் இரண்டு கடதாசிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் முப்பத்தொரு வருடம் லிகிதராக இருந்தவன் நான். ஊரில் வயதானவர்களுக்கு இன்னும் நான் 'பிறக்கிராசியின் கிளாக்கர்'தான். கட்சிக்காரர் கதை எதையும் இங்கே எழுத மாட்டேன். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, சட்டத்தரணியின் வாயோடு சேர்த்து லிகிதரின் வாயையும் கட்டியிருக்கிறது. இது என் வீட்டுக் கதை.

திருநெல்வேலிச் சந்தைக்குப் போன என் மனைவியை ஒரு வான் தட்டியது. வலது முழங்கால். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு டயக்னோசிஸ் காட்டோடு வீட்டுக்கு வந்தார். நட்டஈட்டு வழக்குப் போட முன்னர் எங்கள் சட்டத்தரணி எலும்பு வைத்திய நிபுணர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கால் முழுதாக மடங்குமா, இனி என்ன செலவு வரும், எதிர்த்தரப்பு எதைப் பிடிக்கும் என்று கேட்டிருந்தார். நிபுணர் நேர்மையான மனிதர். நோவில் ஒரு பங்கு விபத்துக்கு முன்பே இருந்த மூட்டுத் தேய்வால் வருவது என்று பதில் எழுதினார்.

இரண்டும் வைத்தியர் எழுதியவை, ஒரே முழங்காலைப் பற்றியவை. ஆனால் சட்டத்துக்கு அவை ஒன்றல்ல. டயக்னோசிஸ் காட்டும், வாட்டில் இருக்கும்போது எழுதிவரும் பெட் ஹெட் டிக்கெட் என்ற பதிவேடும் வைத்தியம் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை. நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பினால் ஆஸ்பத்திரி கொண்டுவந்து கொடுக்கத்தான் வேண்டும். அது சரிதானே? காலுக்குக் காசு கேட்பவர் காலைக் காட்டாமல் விடலாமா?

நிபுணரின் கடிதம் வேறு. வழக்குக்காகவே சட்டத்தரணி கேட்டு வாங்கியது அது. எங்கள் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. சட்டத்தரணியிடம் பேசியதைக் காக்கும் பிரிவுகளில் வைத்தியருக்கு இடமே இல்லை. ஆகவே வைத்தியரின் கடிதம் சட்டத்தரணியின் குடைக்குள் நின்றால்தான் தப்பும். இங்கிலாந்தில் விபத்தில் இறந்த ரயில்வே ஊழியர் ஒருவரின் விதவை தொடுத்த வழக்கில், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1979இல் பார்த்ததும் இதைத்தான்: அந்த விபத்து அறிக்கை முக்கியமாக வழக்குக்கென்று எழுதப்பட்டதா? இல்லை என்றதும் ரயில்வே சபை அதைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சரி, எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். சட்டத்தரணிக்கு நேரே போக வேண்டிய அந்தக் கடிதத்தைக் கிளினிக்கில் எக்ஸ்ரேயோடும் பில்லோடும் சேர்த்து ஸ்டேப்பிள் அடித்து மனைவியின் கையில் கொடுத்தார்கள். நான் ஒரு பிரதி எடுத்து சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டு, மூலத்தை மற்றக் கடதாசிகளோடு ஒரே கோப்பில் வைத்தேன். ஒருநாள் நான் வெளியே போயிருந்த நேரம் வான்காரரின் இன்சூரன்ஸ் ஆள் ஒருவர் வந்திருக்கிறார். “அம்மா, இருக்கிற கடதாசி எல்லாத்தையும் காட்டுங்கோ, கெதியா முடிச்சுத் தாறம்.” மனைவி தேத்தண்ணியும் கொடுத்துக் கோப்பையும் கொடுத்தார். அவர் ஒவ்வொரு தாளாகப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் சட்டத்தரணி வாய் திறக்க முடியாது என்கிறது 126ஆம் பிரிவு. அதாவது திறப்பு கட்சிக்காரரிடம். எங்கள் சட்டத்தரணி ஆட்சேபித்துப் பார்த்தார். வீட்டுக்காரியே எடுத்துக் கொடுத்த தாளை வைத்து எவ்வளவுதான் வாதாடலாம்? கேட்டதில் பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு சமரசம் செய்தோம்.

சட்டத்தரணிகளிடம் ஒன்று கேட்கிறேன். இப்படி நிபுணரிடம் எழுதிக் கேட்கும்போது, பதிலை உங்கள் அலுவலகத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள். கடித உறையில் தமிழில், பெரிய எழுத்தில், 'சட்டத்தரணிக்கு மட்டும்' என்று போடச் சொல்லுங்கள். அந்த அறிக்கையை வழக்கில் பாவிப்பதென்றால் வைத்தியரைச் சாட்சிப் பட்டியலில் போட்டுக் கூண்டில் ஏற்ற வேண்டிவரும், குறுக்கு விசாரணையில் மற்றப் பக்கமும் வெளியே வரும் என்பதையும் கட்சிக்காரருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மனைவி இன்னும் தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கடிதத்தை அந்தக் கோப்பில் வைத்தவன் நான்.

ஓய்வுபெற்ற சட்டத்தரணி லிகிதர்,
கொக்குவில்.